சுவரை விட்டு இறங்கிய வெண்குழியங்கள்

கேள்வி:

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். பல வருடங்களாக இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. இந்தக் குளிருக்கு அது கடுமையாகி வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை தொடங்கி, நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெண்குழியம் 14,600 என்று வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக்கில் எடுத்தபோது 8,900. காய்ச்சல் இல்லை, சளியிலும் மாற்றமில்லை. வார்டு டொக்டரிடம் கேட்டதற்கு, "பயப்பட வேண்டாம், இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை மருந்தால் இறங்கி வந்துவிட்டன" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். லயத்தில் ஒருவர் இது இரத்தப் புற்றுநோயின் அடையாளம் என்கிறார். இன்னொருவர் கிருமி ஏறிவிட்டது, அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுங்கள் என்கிறார். அம்மா பயந்துபோய் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். வெண்குழியம் எதற்காகச் சுவரில் ஒட்டுகிறது? ஒட்டினால் அடைப்பு வராதா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி, எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். இரண்டு ரிப்போர்ட்டுகளின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அம்மா மாத்திரையை நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்கும்படி எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. பிரெட்னிசலோன் வெளியிலிருந்து வரத் தொடங்கியதும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி தன் சொந்த ஸ்டீரொய்ட் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். சில வாரங்கள் விழுங்கியபின் ஒரே நாளில் விட்டுவிட்டால், சுரப்பி பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் இல்லாமல் உடல் தளர்ந்துபோகும், இரத்த அழுத்தம் விழலாம், இழுப்பும் திரும்பி வரலாம். காகிதத்தில் ஓர் எண் இறங்குவதற்காக இதையெல்லாம் விலைக்கு வாங்க வேண்டாம். அன்டிபயோட்டிக்கும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அதற்கான காரணம் எதையும் நான் காணவில்லை.

வார்டு டொக்டர் சொன்னது முழுக்கச் சரி. நாற்பது கட்டில்களுக்கு நடுவே நிற்பவருக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நேரம் கிடைத்திருக்கும். எனக்கு இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது. அதை விரித்துச் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.

லயத்தில் பேசியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெண்குழியம் கூடினால் கிருமி என்ற கணக்கு நம் நாட்டில் பல நேரம் உதவவும் செய்கிறது. டெங்குவில் இந்த எண் இறங்கும், எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் ஏறும். காய்ச்சல் வார்டில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறோம். ஆனால் ஆய்வுகூடத்து இயந்திரம் எண்ணுவது எதை என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கையில் ஊசி குத்தி எடுத்த நாளத்து இரத்தத்தில், ஒரு மைக்ரோலீற்றருக்குள் ஓடிக்கொண்டிருப்பவை எத்தனை என்பது மட்டுமே அந்த எண். வளர்ந்தவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை சாதாரணம். ஆனால் எந்த நேரத்திலும் நம் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோபில்களில் (வெண்குழியங்களில் இவைதான் பெரும்பான்மை) ஏறத்தாழப் பாதி அந்த ஓட்டத்தில் இருப்பதில்லை. அவை நுரையீரல், மண்ணீரல் போன்ற இடங்களிலும், உடலெங்கும் உள்ள சிறு குழாய்களின் ஓரங்களிலும் சுவரைத் தொட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்தோ, தங்கியோ இருக்கின்றன. ஊசிக்கு அவை அகப்படுவதில்லை. ஆகவே இரண்டு மாதத்துக்கு முந்தைய 8,900 என்பதும் அம்மாவிடம் இருந்தவற்றின் முழுக் கணக்கில்லை.

பிரெட்னிசலோன் அந்தச் சுவரோரத்துக் கலங்களின் பிடியைத் தளர்த்துகிறது. அவை ஓட்டத்தில் கலந்ததும் எண் ஏறுகிறது. முதல் மாத்திரை விழுங்கிய சில மணிநேரத்திலேயே இது தொடங்கிவிடும். அதோடு என்பு மச்சையிலிருந்து புதியவை கொஞ்சம் முன்கூட்டியே வெளியே வருகின்றன. மச்சை ஒரு நாளைக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. எனவே கதவு சற்றே அகலமாகத் திறந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியும். வழக்கமாக இரத்தத்தை விட்டு வெளியேற வேண்டியவையும் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 8,900க்கும் 14,600க்கும் இடையே உள்ள வித்தியாசம்.

ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வெண்குழிய வகைகளில் நியூட்ரோபில் 86 சதவீதம், லிம்போசைட் 11, மொனோசைட் 3, இயோசினோபில் 0. பழைய ரிப்போர்ட்டில் இயோசினோபில் 7 இருந்தது. இழுப்புக்காரர்களிடம் அது கூடுதலாக இருப்பது வழமை. நியூட்ரோபில் ஏறி, லிம்போசைட் இறங்கி, இயோசினோபில் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தால், அது பிரெட்னிசலோன் போட்ட கையெழுத்து. ஈமோகுளோபினும் சிறுதட்டுகளும் அம்மாவுக்குப் பழைய அளவிலேயே இருக்கின்றன. பக்குவமடையாத கலங்கள் எதையும் ஆய்வுகூடம் குறிப்பிடவில்லை. இரத்தப் புற்றுநோய் என்று பயமுறுத்தியவருக்கு இந்தத் தாளில் ஆதாரமே இல்லை.

மருந்து மட்டும்தான் இப்படிச் செய்யும் என்பதில்லை. உடலை வருத்தினாலும் பயந்தாலும் சுரக்கும் அதிரினலின் என்ற ஓமோன் வெண்குழியங்களைச் சுவரிலிருந்து கழற்றி ஓட்டத்தில் விடுகிறது. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூச்சிரைக்க ஏறி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஆய்வுகூடத்தில் உட்காராமலே கையை நீட்டுகிறவருக்கு எண் கொஞ்சம் கூடத்தான் வரும். சமவெளியில் இருப்பவர்கள் எழுதிய விளக்கக் குறிப்புகளில் மலையேற்றங்களுக்கு இடமில்லை.

இனித் தம்பியின் கேள்வி. அவனுடைய பாடப்புத்தகத்தில் வெண்குழியம் மயிர்த்துளைக்குழாய்ச் சுவரினூடாக வெளியேறும் என்று ஒரு வரி இருந்திருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய இருநூறு வருட ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது. 1867இல் ஜெர்மனியில் யூலியுஸ் கோன்ஹைம் என்ற நோயியல் அறிஞர், உயிருள்ள தவளையின் மெல்லிய இழையங்களை நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்துப் பார்த்தார். அழற்சி தொடங்கியதும் வெண்குழியங்கள் சிறு நாளங்களின் ஓரத்துக்கு வந்து வரிசையாக நின்று, பிறகு ஒவ்வொன்றாகச் சுவருக்கு அப்பால் போவதைக் கண்டார். சீழ் என்று நாம் அருவருப்பது, இரத்தத்திலிருந்து இப்படி வெளியே வந்து வேலை செய்து செத்த வெண்குழியங்களே என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. எப்படி நிற்கின்றன, ஏன் அங்கே நிற்கின்றன என்பதற்கான மூலக்கூறு விளக்கம் கிடைக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேலானது.

கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு குச்சி அம்மாவின் முன்னங்கையைக் கீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீறலோடு மண்ணிலுள்ள பக்டீரியாக்களும் உள்ளே போய்விட்டன. தோலுக்கடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் காவற்கலங்கள் அதை உணர்ந்து ஹிஸ்டமைன் முதலிய பொருட்களைச் சிந்துகின்றன. சுவரை மாற்றுவது இந்தப் பொருட்கள்தான். பலரும் இந்த இடத்தைத்தான் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். வெண்குழியம் கிருமியை மோப்பம் பிடித்துச் சுவரைத் தேடி வருவதாக நினைக்கிறார்கள். இரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு கலத்துக்கு வெளியே இழையத்தில் நடப்பது தெரிய வழியில்லை. அதற்குச் செய்தி சொல்வது குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் அகவணிக் கலங்கள். அவை தங்கள் மேற்பரப்பை மாற்றிக்கொண்டு, "இந்த இடம்தான்" என்று காட்டுகின்றன.

அகவணிக் கலத்துக்குள்ளே மிகச் சிறிய, நீண்ட உறைகள் உண்டு. 1964இல் ஏவால்ட் வைபல், ஜோர்ஜ் பலாடே இருவரும் இலத்திரன் நுண்ணோக்கியில் கண்டு விவரித்ததால் அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பி-செலெக்டின் என்ற புரதம் அவற்றுக்குள் முன்பே தயாராக இருக்கிறது. ஹிஸ்டமைன் பட்டதும் அந்த உறைகள் கலத்தின் விளிம்புக்கு வந்து திறந்துகொள்ள, சில நிமிடங்களில் பி-செலெக்டின் இரத்தம் ஓடும் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு வகையான ஈ-செலெக்டினைக் கலம் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்குச் சில மணிநேரம் பிடிக்கும். காலையில் கீறியது மாலையிலும் வீங்கி வருவதற்கு இந்த இரண்டாம் அலையும் ஒரு காரணம்.

இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் மயிர்த்துளைக்குழாய்க்கு அடுத்து வரும் புன்னாளங்களில். அங்கே ஓட்டம் மெதுவாகிறது. செங்குழியங்கள் கூட்டமாக நடுவில் ஓடி, பருத்த வெண்குழியங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஓரத்துக்கு வந்த வெண்குழியத்தின் மேல் செலெக்டின் பிடிப்பதற்கான ஒரு சர்க்கரை அமைப்பு இருக்கிறது. பியூக்கோஸ் என்ற சர்க்கரை அதில் இன்றியமையாத பகுதி. செலெக்டின் அதைப் பற்றுகிறது. ஆனால் அந்தப் பற்று ஒரு விநாடிகூட நிலைப்பதில்லை. விட்டதும் அடுத்தது பற்றுகிறது, அதுவும் விடுகிறது. மழையில் நனைந்த தேயிலை மலைச் சரிவில் வழுக்கியவர் ஒவ்வொரு செடியாகப் பிடித்து, ஒவ்வொன்றும் கையை விட்டுப் போக, வேகம் குறைந்து குறைந்து கீழே வருவது போலத்தான் இது. செடி எதுவும் அவரை நிறுத்தவில்லை, ஆனால் காலூன்ற ஓர் இடம் தேட அவகாசம் கிடைத்துவிட்டது. வெண்குழியம் இப்படி உருளும்போது அதன் வேகம் விநாடிக்குச் சில மைக்ரோமீற்றர் முதல் சில பத்து மைக்ரோமீற்றர் வரைக்கும் இறங்கிவிடும். பக்கத்தில் ஓடும் செங்குழியங்கள் அதைப் பல மடங்கு வேகத்தில் தாண்டிப் போகின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. எதையும் இழுத்தால் பிடி தளரும் என்றுதான் நினைப்போம். செலெக்டினின் பற்றோ, ஓர் எல்லை வரை, இழுக்க இழுக்கக் கூடுதல் நேரம் தாங்குகிறது. 2003இல் பி-செலெக்டினின் தனி மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்த சோதனையில் இது நேரடியாகக் காட்டப்பட்டது. ஓட்டம் மிகவும் குறைந்தால் உருளும் கலங்கள் கழன்று போவதும் இதனால்தான். இரத்தம் ஓடாத இடத்தில் தேவையில்லாமல் ஒட்டிக் கட்டிக்கொள்ளாமல் இருக்க உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது என்றே எனக்குத் தோன்றும்.

உருண்டு வரும் வெண்குழியம் இப்போது சுவரைத் தடவிப் படிக்கிறது. அகவணியின் மேல் கெமோகைன் என்ற சிறு புரதங்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நியூட்ரோபிலுக்கு உரியது இன்டர்லூகின்-8. அதைத் தொட்டதும் நியூட்ரோபிலின் உள்ளே ஒரு செய்தி பாய்ந்து, அதன் மேற்பரப்பில் மடிந்து கிடந்த இன்டெக்ரின் என்ற நீண்ட புரதங்கள் நிமிர்ந்துவிடுகின்றன. ஒரு விநாடிக்குள் நடந்து முடிவது இது. மடிந்திருக்கும்போது எதையும் பற்றாத இன்டெக்ரின், நிமிர்ந்தபின் அகவணியிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடிக்கிறது. கலம் நின்றுவிடும். இன்டெக்ரின் எப்போதும் நிமிர்ந்தே இருந்திருந்தால் வெண்குழியங்கள் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டி, உங்கள் பயம் உண்மையாகியிருக்கும். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் விநாடியில் மட்டும் நிமிர்வதுதான் இதிலுள்ள சாமர்த்தியம்.

நின்ற கலம் தட்டையாகி, சுவரின் மேல் ஊர்ந்து, இரண்டு அகவணிக் கலங்கள் சேரும் பொருத்தைக் கண்டு, சில நிமிடங்களில் அதனூடாக நெளிந்து வெளியே போய்விடுகிறது. குழாய் கிழிவதில்லை, பொருத்து பின்னால் மூடிக்கொள்கிறது. வெளியே வந்தபின்தான் கிருமியை நோக்கிய நடை தொடங்கும்.

ஆக, தம்பியின் கேள்விக்குப் பதில் ஒரு சேர்க்கையில் இருக்கிறது. எந்தச் செலெக்டின், எந்தக் கெமோகைன், இன்டெக்ரினுக்கு எதிரே எந்தப் புரதம் என்ற மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தினால்தான் ஒரு குறிப்பிட்ட வகை வெண்குழியம் நிற்கும். ஒன்று குறைந்தாலும் அது உருண்டு கழன்று ஓட்டத்தோடு போய்விடும். இந்தப் பல படிநிலை விளக்கத்தை 1990களின் முதற்பாதியில் யூஜின் புச்சர், திமொத்தி ஸ்பிரிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒழுங்காக முன்வைத்தார்கள். சில புரதங்களை வேறு வேறு விதமாகச் சேர்த்தே உடல் பல இடங்களுக்குப் பல வகைக் கலங்களை இறக்கிவிடுகிறது. காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி அரையில் நெறி கட்டுகிறதே, அங்கே நிணநீர்க் கணுவின் சிறப்பான நாளங்கள் லிம்போசைட்டுகளை மட்டும் இனங்கண்டு உள்ளே எடுக்கின்றன. குடலில் பழக்கப்பட்ட லிம்போசைட் சுற்றித் திரிந்தபின் மறுபடியும் குடலுக்கே திரும்புவதும், தோலுக்குரியது தோலுக்குத் திரும்புவதும் இப்படித்தான். அம்மாவின் மூச்சுக்குழாயில் இழுப்பின்போது குவியும் இயோசினோபில்களிடம் நியூட்ரோபில்களில் அரிதாகவே காணப்படும் ஓர் இன்டெக்ரின் உண்டு. அது அகவணியில் வீகாம்-1 என்ற புரதத்தைப் பிடித்து நுரையீரலில் இறங்குகிறது.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் முடிச்சு அவிழ்கிறது. பிரெட்னிசலோன் அகவணி புதிய ஈ-செலெக்டின், ஐகாம், வீகாம் ஆகியவற்றைச் செய்வதைக் குறைக்கிறது. நியூட்ரோபிலின் மேலும் ஒரு வகைச் செலெக்டின் உண்டு, அதையும் குறைக்கிறது. இறங்க இடமில்லாமல் இயோசினோபில்கள் அம்மாவின் மூச்சுக்குழாயில் குறைந்தன. அவருக்கு மூச்சு வந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். அதே செயல்தான் நியூட்ரோபில்களைச் சுவரிலிருந்து இறக்கி 14,600 என்று ரிப்போர்ட்டில் எழுதவைத்தது. அம்மாவைப் பயமுறுத்திய எண்ணும், அவரைக் காப்பாற்றிய மருந்தும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் லயத்தில் யாரும் பயப்படாத ஒன்றுக்கு நான் பயப்படுகிறேன். வெண்குழியம் கூடியதால் எதிர்ப்புச் சக்தியும் கூடியிருக்கிறது என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. ஓட்டத்தில் இருக்கும் வெண்குழியம் வெறும் பயணி. சுவரில் ஒட்டி வெளியே போனால்தான் அதற்கு வேலை. மருந்து நடக்கும் இந்த வாரங்களில் இரத்தத்தில் கூட்டம் அதிகம், புண்ணுக்குப் போய்ச் சேர்பவை குறைவு. முள் குத்தினால் வழக்கம்போல் சிவக்காது, வீங்காது, வலிக்காது. சிவக்காததால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். கிருமியோ சத்தமில்லாமல் பரவும். சீழும் வீக்கமும் அசிங்கம்தான், ஆனால் அவை வெண்குழியங்கள் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட ஒரு பிறவி நோய் இருக்கிறது. மிக அரிது. ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒருவர். இந்தக் குழந்தைகளுக்கு இன்டெக்ரினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு பழுதாக இருக்கும். வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் விழும் தொப்புள்கொடி மூன்று வாரம் தாண்டியும் விழாமல் புண்ணாகிக் கிடக்கும். பிறகு தோலிலும் ஈறிலும் நுரையீரலிலும் தொற்று மாறி மாறி வரும். புண்ணில் சீழ் இராது. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் வெண்குழியம் எக்கச்சக்கமாக இருக்கும், சிலரிடம் அம்மாவின் எண்ணைப்போல் பல மடங்கு. அத்தனையும் ஒட்ட முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கடுமையான வகைக்குப் பொருத்தமான ஒருவரின் மச்சையிலிருந்து மூலக்கலங்களை மாற்றுவதே நிலையான சிகிச்சை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் உள்ள குடும்பங்களில் வாய்ப்புச் சற்றுக் கூடும். உங்கள் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பக்கத்து லயத்தில் ஒரு கைக்குழந்தைக்குத் தொப்புள்கொடி மூன்று வாரமாக விழவில்லை என்று கேள்விப்பட்டால் மஞ்சளும் சாம்பலும் பூசிக்கொண்டிருக்க விடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தாமதத்துக்குச் சாதாரண காரணங்களே பெரும்பாலும் இருக்கும், இருந்தாலும் ஒரு வைத்தியர் பார்க்கட்டும்.

தம்பிக்காக ஒரு துணுக்கு. இதே நோய்க் குடும்பத்தில் இன்னும் அரிய ஒரு வகை உண்டு. அதில் இன்டெக்ரின் சரியாக இருக்கும், பியூக்கோஸ் சர்க்கரையைக் கலத்துக்குள் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி அடைபட்டிருக்கும். செலெக்டின் பிடிக்க ஒன்றுமில்லாததால் வெண்குழியம் உருளவே மாட்டாது. பியூக்கோஸ் இல்லாமல் செங்குழியத்தின் மேலுள்ள, ஏ, பி, ஓ இரத்த வகைகளுக்கு அடித்தளமான எச் பொருளும் உருவாக முடியாது. ஆகவே இந்தக் குழந்தைகளின் இரத்தம் 1952இல் முதலில் அறியப்பட்ட, எச் பொருள் இல்லாத பொம்பே இரத்த வகையாகவே இருக்கும். ஆனால் பொம்பே வகையுள்ள மற்றவர்களின் வெண்குழியங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களிடம் பழுதாக இருப்பது வேறு மரபணு.

அடைப்பு பற்றிக் கேட்டீர்கள். புன்னாளத்தில் வந்து நிற்கும் வெண்குழியம் சில நிமிடங்களில் வெளியேறிவிடுவதால் வழியை மறிப்பதில்லை. பெரிய நாடிகளின் கதை வேறு. அங்கே கொலஸ்ட்ரோல் சுவருக்குள் புகுந்து படிந்தால் அகவணி அதைக் காயமாகக் கருதி வீகாம்-1ஐ வெளியே நீட்டும். மொனோசைட்டுகள் இறங்கி, கொலஸ்ட்ரோலை விழுங்கி, திரும்பிப் போக முடியாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். பல வருடங்களில் அது தடித்து மாரடைப்புக்கு இடம்கொடுக்கலாம். புகை, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் மூன்றும் இதை விரைவுபடுத்தும். அம்மாவின் 14,600க்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டில் பீடி குடிப்பவர் இருந்தால் அவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன், அம்மாவின் இழுப்புக்காகவும் சேர்த்து.

ஒட்டுவதையே தடுத்தால் அழற்சி நோய்கள் எல்லாம் தீராதா என்று தம்பி அடுத்துக் கேட்பான். அப்படி மருந்துகள் வந்தன. நரம்பைத் தாக்கும் ஒரு நோய்க்கு 2004இல் வந்த நட்டாலிசுமாப், லிம்போசைட்டின் இன்டெக்ரினை மறித்து அது மூளைக்குள் இறங்காமல் தடுக்கிறது. நன்றாக வேலை செய்தது. ஆனால் காவல் குறைந்த மூளையில், சாதாரணமாக அடங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ் சிலருக்குக் கிளம்பிவிட்டது. 2005இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, கடும் கண்காணிப்போடு 2006இல் திரும்பி வந்தது. குடலுக்குப் போகும் லிம்போசைட்டுகளை மட்டும் மறிக்கும் வெடோலிசுமாப் 2014இல் வந்தது. அதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த இடத்துக்குப் போகிற கலத்தை மறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி அம்மாவுக்கான வேலைகள். மாத்திரை முடியும் வரை தினமும் மாலையில் காலையும் கையையும் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள், விரலிடுக்குகளையும் சேர்த்து. அட்டை கடித்த இடத்தைச் சொறிய விடாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடி வையுங்கள். கீறல் ஒன்று இரண்டு நாளில் ஆறாமல் ஈரமாக இருந்தால், சிவப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டி, "பிரெட்னிசலோன் குடிக்கிறார்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடம்பு சுட்டாலும், சுடாமலே நடுங்கினாலும், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும் காத்திருக்க வேண்டாம். இந்த மருந்து காய்ச்சலையும் அடக்கிவைக்கும். சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். பிரெட்னிசலோன் அதை ஏற்றும், ஏறிய சர்க்கரை நியூட்ரோபில்களை மேலும் மந்தமாக்கும்.

மாத்திரை முழுவதும் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். மலையேறி வந்த களைப்புத் தீர அரை மணிநேரம் உட்கார்ந்தபின் இரத்தம் கொடுக்கட்டும். எண் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். திரும்பாமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது ஈமோகுளோபினோ சிறுதட்டோ கூடவே இறங்கினால், அல்லது பக்குவமடையாத கலங்கள் என்று ஆய்வுகூடம் எழுதினால், இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கு உங்கள் கிளினிக் டொக்டர் அனுப்புவார். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் இரண்டையும், மாத்திரை குறைத்த அட்டவணையையும் கையோடு கொண்டுபோங்கள். இவை இரண்டும் இல்லாமல் எண்ணை மட்டும் காட்டினால் எந்த டொக்டரும் கிருமியைத்தான் முதலில் சந்தேகிப்பார்.